சியெம் ரீப்பில் இறங்கித் தெற்கே கடல் வரை: கொங்கு நாட்டிலிருந்து கம்போடியாவைத் தரைவழியே பார்க்க ஒரு வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்து கம்போடியாவுக்குப் போகிறவர்களில் பலர், வியட்நாம் சுற்றுலாவோடு ஒட்டுப்போட்ட இரண்டு நாள் இணைப்பாகவே அந்த நாட்டைப் பார்த்துத் திரும்புகிறார்கள். அங்கோர் வாட்டின் முன் ஒரு படம், இரவுச் சந்தையில் ஒரு நடை, மறுநாள் விமானம் என்று அது முடிந்துவிடுகிறது. வடக்கே, அங்கோர் கோயில்களை ஒட்டிய சியெம் ரீப்பில் இறங்கி, சாலை வழியாகவே தெற்கு நோக்கி நகர்ந்து, கடற்கரையைத் தொட்டபின் தலைநகர் புனோம் பென்னில் விமானம் ஏறுவதுதான் என் பரிந்துரை. இதற்குப் பத்து நாள் வேண்டும். போன சாலையில் திரும்பி வர வேண்டியதில்லை என்பதும், ஒவ்வொரு நூற்றாண்டின் கோயிலும் அதற்குரிய நிலத்தோடு சேர்ந்து மனத்தில் பதியும் என்பதும் இவ்வழியின் பயன்கள்.

முதலில் பருவத்தை முடிவு செய்யுங்கள். நம் பள்ளிகளின் கோடை விடுமுறையான ஏப்ரலும் மே மாதமும் அங்கே வெயில் உச்சத்தில் இருக்கும் காலம். மணற்கல்லும் செம்புறைக்கல்லும் சூடேறிய வளாகங்களில் முதியவர்களை நடக்க வைப்பது நல்லதல்ல. ஏப்ரல் நடுவில், நம் சித்திரை முதல் நாளை ஒட்டி, கம்போடிய மக்களான கெமர்களின் புத்தாண்டும் வருவதால் கடைகள் மூடியிருக்கும், பேருந்துகளில் இடம் கிடைக்காது. புரட்டாசி மகாளய அமாவாசையை ஒட்டி அவர்களும் முன்னோர்க்குச் சோறு படைக்கும் பெரிய விழாவைக் கொண்டாடுகிறார்கள்; அப்போதும் ஊரே சொந்தக் கிராமத்துக்குக் கிளம்பிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை ஓய்ந்து காற்று இதமாக இருக்கும். தையில் மஞ்சள் அறுவடை இருக்கிற குடும்பங்கள் கார்த்திகை, மார்கழியிலேயே போய்வந்துவிடுவது நல்லது. ஐப்பசிப் பௌர்ணமியையொட்டிப் பெரும்பாலும் நடக்கும் படகுப் போட்டி விழாவைப் பார்க்க விரும்பினால் புனோம் பென் விடுதியை மிக முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும்.

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் அங்கே மாறிச் செல்வது எளிது. கரூர், நாமக்கல் பக்கத்தவர்க்குத் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழி பொருந்தலாம். பயணச்சீட்டைப் போக வர ஒரே ஊருக்கு எடுக்காமல், சியெம் ரீப்பில் இறங்குவதாகவும் புனோம் பென்னில் ஏறுவதாகவும் எடுங்கள். இரண்டு ஊர்களுக்கும் இப்போது புதிய விமான நிலையங்கள்: சியெம் ரீப்பினுடையது 2023 அக்டோபரில் திறக்கப்பட்டு ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேலான தொலைவில் இருக்கிறது, புனோம் பென்னுக்கான தேச்சோ நிலையம் 2025 செப்டம்பரில் நகருக்குத் தெற்கே தொடங்கப்பட்டது. பழைய பயணக் குறிப்புகளில் உள்ள 'பத்து நிமிடத்தில் ஊருக்குள்' என்ற கணக்கு இனிச் செல்லாது.

சுற்றுலா விசாவை அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். அதே தோற்றத்தில் கூடுதல் கட்டணம் பறிக்கும் தளங்கள் பல இருப்பதால் முகவரியை இருமுறை சரிபாருங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். விமானத்தில் வருவோர் வருகைக்கு முந்தைய ஏழு நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. தாய்லாந்திலிருந்து தரைவழியாக நுழையலாம் என்று எண்ணியிருப்போர் அதைக் கைவிடுவதே நல்லது. 2025 இல் இரு நாடுகளுக்கும் இடையே மூண்ட மோதலில் நில எல்லைகள் மூடப்பட்டன, மலையுச்சியில் இருக்கும் பிரேயா விகார் கோயிலும் அந்த எல்லைப் பகுதியில்தான் இருக்கிறது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: கணினி வேலை என்று சுற்றுலா விசாவில் அழைத்துப் போய், இணைய மோசடிக் கூடங்களில் இளைஞர்களை அடைத்து வைத்த செய்திகளில் நம் மாநிலத்தவரும் இருந்தார்கள். உடன் வரும் தம்பிக்கு யாராவது அங்கே வேலை தருவதாகச் சொல்லியிருந்தால் பயணத்துக்கு முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.

பணம் டாலரிலும் ரியெலிலும் புழங்குகிறது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ நாலாயிரம் ரியெல். ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளாக வாங்கிக்கொள்ளுங்கள். ஓரம் கிழிந்த நோட்டையும், பேனாவால் எழுதிய நோட்டையும் அங்கே பெட்டிக்கடைக்காரர்கூடத் தொடமாட்டார். ஊருக்குள் போக, செயலியில் அழைக்கும் ஆட்டோவே போதும், அவற்றில் கணிசமானவை இந்தியாவில் செய்தவை. எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்ட குடும்பமாக இருந்தால் ஊர் மாறும் நாள்களுக்கு மட்டும் ஓட்டுநரோடு வேன் பேசிக்கொள்ளுங்கள். இருவர், மூவர் என்றால் பேருந்தும் சிறு வேன் சேவைகளும் நன்றாகவே இயங்குகின்றன.

அங்கோர் நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டை எடுங்கள். அதைத் தொடர்ச்சியாகப் பயன்படுத்த வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம் என்பதால் நடுவே ஒரு நாள் ஓய்வு கொள்ளலாம். சீட்டில் உங்கள் படம் அச்சாகும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் வயதுக்குச் சான்றாகக் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடையை வற்புறுத்துகிறார்கள்.

எல்லோரும் முதல் நாள் விடியலில் அங்கோர் வாட்டுக்கு ஓடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. முதல் நாள் ஊருக்குக் கிழக்கே ரொலுவோஸ் கோயில் தொகுதிக்குப் போங்கள். 879 இல் எழுந்த செங்கல் கோபுரங்களான பிரேயா கோ, 881 இல் முதலாம் இந்திரவர்மன் எடுத்த மலை வடிவக் கோயில் பாக்கோங், ஒரு பெரிய ஏரியின் நடுத் திட்டில் 893 இல் கட்டப்பட்ட லோலேய் ஆகிய மூன்றையும் அரை நாளில் பார்த்துவிடலாம். ஏரியை வெட்டி, அதன் நடுவே கோயிலை வைத்து, நீரும் வழிபாடும் ஒரே ஆட்சியின் இரு கைகளாக நின்ற விதம் அங்கே தெளிவாகத் தெரியும். காளிங்கராயன் வாய்க்காலின் கரையில் வளர்ந்தவர்க்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இப்படித் தொடங்கினால், இரண்டரை நூற்றாண்டு கழித்து வந்த அங்கோர் வாட் எதன் முதிர்ச்சி என்பது புரியும். (பாக்கோங் என்ற பெயரையே கம்போடியாவின் மத்திய வங்கி தன் மின்னணுப் பணப் பரிமாற்ற முறைக்கும் வைத்திருக்கிறது, கடைகளில் அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

அங்கோர் வாட் இரண்டாம் சூரியவர்மனால் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் திருமாலுக்காகக் கட்டப்பட்டது. பிற்பாடு பௌத்தத் தலமானது. பிற கெமர்க் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்க, இது மேற்கு நோக்கியிருக்கிறது. ஆகவே விடியலில் குளத்தருகே நின்று கோபுரத்தின் நிழலுருவைப் படமெடுக்கலாமே தவிர, முகப்பின் சிற்பத்தில் நல்ல வெளிச்சம் விழுவது பிற்பகலில்தான். விடியல் கூட்டம் காலை உணவுக்குக் கலையும் ஏழு மணிவாக்கில் உள்ளே நுழைந்து, வெளித் திருச்சுற்றை நிதானமாகப் பாருங்கள்: மேற்குச் சுவரில் குருசேத்திரப் போரும் இலங்கைப் போரும், தெற்கில் அரசனின் படையணியும் யமன், சித்திரகுப்தன் தீர்ப்பளிக்கும் சொர்க்க நரகங்களும், கிழக்கில் ஏறத்தாழ ஐம்பது மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சியும் இருக்கின்றன. இதற்கு மட்டுமே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நடுக்கோபுரத்தின் மேல்தளத்துக்குச் செல்லும் படிகள் மிகச் செங்குத்தானவை. பௌத்தப் புனித நாள்களில் அத்தளம் மூடியிருக்கும், சிறு பிள்ளைகளை எந்நாளும் ஏற்றமாட்டார்கள். சென்னிமலைப் படிகளைச் சளைக்காமல் ஏறும் பெரியவர்கள்கூட இங்கே இறங்கும்போது கைப்பிடியை விடாமலிருக்க வேண்டும்.

ஏழாம் ஜெயவர்மன் காலத்துப் பாயோன் கோயிலில் சாந்தமான பெருமுகங்களைப் பார்த்து மயங்கி, வெளிச்சுற்றுச் சிற்பங்களைத் தவற விடுபவர்கள் மிகுதி. தெற்குப் பக்கச் சுவரில் சந்தை, மீன்பிடி, சமையல், ஏன், சேவல் கட்டுகூட இருக்கிறது. பூலாம்வலசுக்குப் பழக்கப்பட்ட கண்ணுக்குச் சேவலைப் பிடித்திருக்கும் அந்தக் கைகளின் பக்குவம் உடனே தெரிந்துவிடும். 1186 இல் எழுந்த தா புரோமில், மரவேர்கள் சுவரைக் கவ்வி நிற்கும் இடங்களில் சீரமைப்புப் பணி செய்தது நம் இந்தியத் தொல்லியல் துறை.

ஒரு முழுக் காலையைப் பந்தியாய் ஸ்ரேக்குக் கொடுங்கள். 967 இல் குடமுழுக்குக் கண்ட இச்சிறு சிவன் கோயிலைக் கட்டியவர் அரசரல்லர். யக்ஞவராகர் என்ற அந்தண அறிஞர். இளஞ்சிவப்பு மணற்கல்லில் நகையாசாரியின் நுணுக்கம். கிழக்குப் பக்க முகப்பொன்றில் ஆடும் சிவனின் அருகே வற்றிய மார்போடு அமர்ந்திருக்கும் உருவம் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர் அடையாளம் காண்கின்றனர். பேரூர்க் கனகசபைத் தூண்களின் முன் நின்று பழகியவர்கள் அம்முகப்பைத் தேடிப் பார்க்காமல் திரும்பக் கூடாது; உள்ளூர் வழிகாட்டிகளில் சிலர் அதைக் காட்டாமலே கடந்துவிடுகிறார்கள், நீங்களே கேட்க வேண்டும். வெயில் ஏறுமுன், எட்டு மணிக்குள் அங்கிருந்தால் கல்லின் நிறமும் நன்றாகத் தெரியும்.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது: காய்கறிப் பொரியலிலும் மீன்சாறு ஊற்றுவது அங்கே வழக்கம், புளித்த மீன் விழுது பல குழம்புகளுக்கு அடிப்படை. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் இவை தட்டில் வந்துவிடும். மீன்சாறும் வேண்டாம் என்று தனியே சொல்ல வேண்டும். சியெம் ரீப்பிலும் புனோம் பென்னிலும் இந்திய உணவகங்கள் உண்டு. வழியில் உள்ள சிற்றூர்களுக்காகப் பருப்புப் பொடியும் ஒரு சிறு மின்குக்கரும் எடுத்துப் போனால் அரிசிம்பருப்புச் சோற்றுக்கு அங்கேயே வழி உண்டு, அரிசிக்குப் பஞ்சமே இல்லை.

ஐந்தாம் நாள் ஆறாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தெற்கே கிளம்புங்கள். புனோம் பென் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நேராகப் போனால் ஐந்தாறு மணி நேரம், ஆனால் நேராகப் போகாதீர்கள். சுமார் அறுபது கிலோமீட்டரில் கம்போங் கிதேய் ஊரில், இருபுறமும் நாகப் படம் விரித்த கைப்பிடிச் சுவரோடு செம்புறைக்கல் பாலம் ஒன்று நிற்கிறது. ஏழாம் ஜெயவர்மன் காலத்துப் பெருவழியின் எச்சம் அது. கம்போங் தோமில் இரவு தங்கி, மறுநாள் அங்கிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டரில் உள்ள சம்போர் பிரே குக்குக்குச் செல்லுங்கள். ஏழாம் நூற்றாண்டில் ஈசானபுரம் என்று விளங்கிய தலைநகர் அது; 2017 இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. காட்டுக்குள் நிற்கும் எண்கோணச் செங்கல் கோயில்கள், சுவரில் பறக்கும் அரண்மனைகள், கூட்டமே இல்லாத பாதைகள். என் மதிப்பில் அங்கோருக்கு அடுத்தபடி ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் இதையே தேர்ந்தெடுக்க வேண்டும். தொலைதூரக் கோயில்கள் எதிலும் தேய்ந்த பாதையை விட்டு விலகாதீர்கள். போர்க்காலக் கண்ணிவெடிகள் முற்றாக அகற்றப்படாத பகுதிகள் நாட்டில் இன்னும் உள்ளன.

புனோம் பென்னுக்கு இரண்டு நாள் போதும். தேசிய அருங்காட்சியகத்தில் புனோம் தா குன்றிலிருந்து வந்த கோவர்த்தனம் ஏந்திய கண்ணனையும் எட்டுக் கைத் திருமாலையும் பாருங்கள். அங்கோருக்குப் பல நூற்றாண்டு முந்தைய கை அது. 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்டு இயக்கத்தின் ஆட்சியில் சிறையாக மாற்றப்பட்ட துவோல் ஸ்லெங் பள்ளிக்கும், செவுங் எக் கொலைக்களத்துக்கும் சிறுவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம். பெரியவர்கள் காலையில் சென்று, அன்று வேறு கேளிக்கை எதையும் வைத்துக்கொள்ளாமலிருப்பது நல்லது. நகரின் புறவழிகளில் விடியலில் நின்றபடியே லாரிகளில் செல்லும் பெண்கள் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள். அமெரிக்க, ஐரோப்பிய ஆர்டர்களுக்குத் திருப்பூரோடு போட்டியிடும் தொழில் இதுதான் என்பதால், நம் ஊர்க்காரர்கள் பலர் கோயிலைவிட இந்தக் காட்சியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

தெற்கே இரண்டாம் எண் சாலையில் புனோம் சிசோர் குன்றின் மேல், நானூறு படி ஏறினால், முதலாம் சூரியவர்மன் காலத்துக் கோயில். மேலிருந்து பார்த்தால் வயலெல்லாம் பனை. பனைதான் அவர்களுக்குத் தேசிய மரம். கம்போங் ஸ்பியூ பனைவெல்லமும் கம்போட் மிளகும் 2010 இல் புவிசார் குறியீடு பெற்றன. மிளகை வாங்குவதானால் குறியீட்டு முத்திரையுள்ள பொட்டலமாகக் கம்போட் தோட்டங்களிலேயே வாங்குங்கள்; சிவப்பு மிளகு நம் சமையலறைக்குப் புதிய சரக்கு. கம்போட்டுக்கு அருகே புனோம் சிங்கோக் குகைக்குள் ஏழாம் நூற்றாண்டுச் செங்கல் சிவன் கோயில் அப்படியே நிற்கிறது, கைவிளக்கு அவசியம்.

கடலுக்குக் கெப் ஊரே போதும். அதன் கரை சிறியது. நண்டுச் சந்தையும் மாலைக் காற்றும் அதன் சிறப்பு. வெண்மணலும் நீலக்கடலும் கட்டாயம் வேண்டுமென்பவர்கள் சிஹானூக்வில் வழியாகக் கோ ரொங் தீவுகளுக்குப் படகேறலாம். அதற்கு இரண்டு நாள் கூடுதலாகும், சூதாட்ட விடுதிகள் நிறைந்த அந்நகரில் தங்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. வியட்நாம் விசா கையில் இருந்தால், கெப்பிலிருந்து பிரெக் சாக் எல்லை வழியாக ஹா தியெனுக்குக் கடந்துவிடலாம். விண்ணப்பத்தில் நுழைவிடமாக அந்த ஊரையே குறித்திருக்க வேண்டும். இல்லையேல் கம்போட்டிலிருந்து கிளம்பித் தெற்குப் பக்கமாகவே தேச்சோ விமான நிலையத்தை அடையலாம். நகருக்குள் நுழைய வேண்டியதில்லை என்றாலும், சாலையில் சரக்கு லாரிகள் மிகுதி என்பதால் விமான நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்னதாகவே புறப்படுங்கள்.