முதலில் தண்ணீர் மோக்கப் பழகுங்கள்: நெல்லையிலிருந்து கடல் நுண்ணுயிர் ஆராய்ச்சிக்கு

பாளையங்கோட்டைப் பக்கம் கல்லூரியில் மைக்ரோபயாலஜி, விலங்கியல், வேதியியல் என்று படிக்கிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது, கடல் நுண்ணுயிர் ஆராய்ச்சிக்கு வர என்ன கோர்ஸ் சேரலாம் என்பதுதான். கோர்ஸை அப்புறம் பார்ப்போம். முதலில் ஏரல், ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயலுக்கு ஒரு நாள் போய், தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் ஒழுங்காக ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துவிட்டு வாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், திறந்த கடலின் மேல்தண்ணீரில், கடல் உயிர்களுக்கு உரம் மாதிரியான பாஸ்பேட் பெரும்பாலும் லிட்டருக்கு 1 மைக்ரோமோல் கூட இருக்காது, அதாவது 0.1 மில்லிகிராமுக்கும் கீழே. வண்ணமீன் கடையில் விற்கிற டெஸ்ட் கிட்டில் அது பூஜ்யம் என்றே காட்டும். அந்தப் 'பூஜ்யத்தில்' கிடைப்பதை உண்டுதான் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் பாக்டீரியா வாழ்கிறது! இவ்வளவு சொற்பமானதை அளக்கும்போது பாட்டிலில் ஒட்டிய சோப்புத்தூளே கணக்கைக் கெடுத்துவிடும். எம்.எஸ்சி. படிக்கும்போது எனக்கு அதுதான் நடந்தது. பாஸ்பேட் சோதனையில் நீலம் வெளிறித் தெரிய வேண்டிய இடத்தில் மை மாதிரி வந்தது, நாலு மாத மாதிரிகளையும் கொட்ட வேண்டியதாயிற்று.

அதனால் சோப்பு வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டிலை 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து (கல்லூரி லேபில், கையுறை போட்டு), காய்ச்சி வடித்த நீரில் நன்றாக அலசுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், அதிலிருந்து சிலிக்கேட் கரைந்து தண்ணீரில் சேரும். போட்டில் போனால் இன்ஜினை நிறுத்தச் சொல்லி, நீவாடு (நீரோட்டம்) வருகிற பக்கம் வாயைத் திருப்பிப் பிடித்து, அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு மோந்துகொள்ளுங்கள். உடனே வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, லேபுக்கு வந்ததும் உறையவையுங்கள். உறையும்போது தண்ணீர் விரியும் என்பதால் முக்கால் பாட்டில் போதும். நுண்ணுயிருக்குத் தனிப் பாட்டில்; அந்தத் தண்ணீரை 0.22 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாளில் இழுத்து, தாளையே உறையவைத்தால் பிறகு டிஎன்ஏ எடுக்கலாம். அகார் தட்டில் வளர்த்து எண்ணினால் போதும் என்று நினைக்காதீர்கள், கடல் பாக்டீரியாவில் நூற்றில் ஒன்று கூட அதில் முளைப்பது அரிது.

படகுக்கார அண்ணன்களிடம் காது கொடுங்கள். என்னை ஏற்றிப்போனவர் ஒருமுறை கேட்டார்: "தம்பி, மேல ஆத்துத் தண்ணி ஓடுது, அடியில கடத்தண்ணி கெடக்கு, நீ எத மோந்துட்டுப் போற?" உப்புத்தண்ணீர் கனமானது, அடியில் தங்கும், அன்றிலிருந்து மேலே ஒன்று, அடியில் ஒன்று என்று இரண்டு எடுக்கிறேன். இன்னொன்று, மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் வனத்துறை அனுமதியில்லாமல் போகாதீர்கள்.

எண்கள் வந்தபின் நைட்ரஜனை பாஸ்பரஸால் (மோல் கணக்கில்) வகுத்துப் பாருங்கள். கடல் மிதவை உயிர்களின் உடலில் இது சராசரியாக 16க்கு 1 என்று கடலியலாளர் ஆல்ஃபிரெட் ரெட்ஃபீல்ட் கண்டார். உங்கள் தண்ணீரில் 16க்கு வெகு மேலே போனால் அங்கே பாஸ்பரஸ்தான் தட்டுப்பாடு என்று சந்தேகிக்கலாம். ஆற்றில் மேலே, நெல்லைக் குறுக்குத்துறையிலும் ஒரு பாட்டில் எடுங்கள். நெல்லைச் சாக்கடையும் ஸ்ரீவைகுண்டம் வாழைக்குப் போட்ட உரமும் கடல் வரை எவ்வளவு போகிறது என்பது நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி.

சரி, படிப்பு. இளங்கலையில் எந்த அறிவியலும் சரிதான், வேதியியலை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதுகலைக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலையின் கடல் உயிரியல் மையம், கொச்சியில் குசாட் (கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலை). நம் மனோன்மணியம் சுந்தரனாருக்கே ராஜாக்கமங்கலத்தில் கடல் அறிவியல் மையம் உண்டு. கோடை விடுமுறைக்கு அறிவியல் அகாடமிகளின் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். பிஎச்.டி.க்கு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதி, கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் மாதிரி இடங்களுக்கு முயலலாம். கூடவே 'ஆர்' நிரல்மொழி பழகுங்கள். டிஎன்ஏ தரவைக் கையால் எண்ண முடியாது.

வேலையில் எதையும் 'இரைச்சல்' என்று அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். 1980களில் கடல் ஆய்வாளர்கள் சாலி சிஸ்ஹோமும் ராபர்ட் ஓல்சனும் கப்பலில் கொண்டுபோன, செல்களை ஒளி பாய்ச்சி ஒவ்வொன்றாக எண்ணும் கருவியில் மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன, முதலில் அதை மின் இரைச்சல் என்றே நினைத்தார்கள். விடாமல் பார்த்ததில்தான், 1988இல் வெளியான புரோகுளோரோகாக்கஸ் என்ற நுண்ணிய பாக்டீரியாவின் கண்டுபிடிப்பு கிடைத்தது. கடலில் ஒளிச்சேர்க்கை செய்கிற உயிர்களில் எண்ணிக்கையில் அதுவே மிகுதி.

ஐப்பசி மழை பிடிக்குமுன் ஒரு முறை, கார்த்திகையில் ஆறு கலங்கி வரும்போது ஒரு முறை, மாசியில் தெளிந்தபின் ஒரு முறை, அதே இடத்தில் எடுங்கள். தேதி, நேரம், காற்று, உப்பு எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். ஐஸ் பெட்டி ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும்.