வீட்டு நிர்வாகப் புத்தகம் வாங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டைச் சமாளிக்க ஒரு நல்ல புத்தகம் கிடைக்காதா என்று தேடுபவர்களில் பலர் ஏற்கெனவே களைத்துப் போனவர்கள். கைக்குழந்தை இருக்கும், வேலைக்குப் போய் வரும் அலைச்சல் இருக்கும், படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இந்த நேரத்தில் பொருந்தாத ஒரு புத்தகம் கைக்கு வந்தால் நஷ்டம் பணம் மட்டுமல்ல. ‘எல்லோராலும் முடிகிறது, என்னால்தான் முடியவில்லை’ என்ற எண்ணத்தையும் அது விதைத்துவிடும். அதனால் கொஞ்சம் பார்த்து எடுப்பது நல்லது.

இதில் பெரிய தவறு, புத்தகத்துக்குள் இருக்கும் வீட்டைப் பார்க்காமல் வாங்குவதுதான். எந்த நிர்வாகப் புத்தகத்தை எடுத்தாலும், எழுதியவர் மனதில் ஒரு வீடு இருக்கும். அதில் எத்தனை பேர், யார் வேலைக்குப் போகிறார், தண்ணீர் எப்போது வருகிறது, வெயில் எப்படி என்பதெல்லாம் சொல்லாமலே அடங்கியிருக்கும். அமெரிக்காவில் எழுதப்பட்ட அட்டவணையில் வாரம் ஒரு நாள் தரை சுத்தம் என்று இருக்கும். ஜன்னலைத் திறந்தே வைக்கும் நம் வீடுகளில் ஒரு நாள் பெருக்காவிட்டாலே காலில் மண் நறநறக்கும். துணி உலர்த்தும் மெஷினும் பாத்திரம் கழுவும் மெஷினும் இருக்கும் வீட்டின் மாலை நேரமும், லாரித் தண்ணீர் வரும் நாளைப் பார்த்துத் துணி துவைக்கும் வீட்டின் மாலை நேரமும் ஒன்றல்ல. இட்லி மாவு எப்போது அரைப்பது, சிலிண்டர் எப்போது புக் செய்வது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லுக்கு எப்படி எடுத்து வைப்பது என்பதெல்லாம் அந்த அட்டவணையில் இருக்காது. தமிழில் மொழிபெயர்த்து வந்தாலும் வீடு மாறுவதில்லை, மொழிதான் மாறுகிறது.

ஜப்பானின் மாரி கோண்டோவையே எடுத்துக்கொள்ளலாம். வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி அவர் எழுதிய புத்தகம் உலகமெங்கும் விற்றது. அவரே 2023இல், மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை எப்போதும் ஒழுங்காக வைத்திருப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டதாகச் சொன்னார். இதை வைத்து அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையான பேச்சாகவே படுகிறது. வீட்டில் ஆள் கூடினால் முறையும் மாறத்தான் வேண்டும். அதனால் முன்னுரையிலும் முதல் அத்தியாயத்திலும் எழுதியவரின் வீட்டைத் தேடுங்கள். உங்கள் வீட்டோடு பாதியாவது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பழையது என்றால் அனுபவம் நிறைந்தது என்று நம்பி எடுப்பதும் இதே தவறின் இன்னொரு முகம். இங்கிலாந்தில் 1861இல் வந்த இசபெல்லா பீட்டனின் குடும்ப நிர்வாக நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 25தான். சமையல் குறிப்புகளில் பெரும்பகுதி பிறரிடமிருந்து எடுத்தவை. பெரிய கேரட்டைச் சுமார் இரண்டு மணி நேரம் வேகவிடச் சொல்லும் புத்தகம் அது. அந்தக் காலத்தைத் தெரிந்துகொள்ள அருமையான நூல், நாளைய சமையலுக்கு உதவாது. நம் பழைய நூல்கள் இன்னும் நெருக்கமானவை. ஆனால் பலம், வீசை என்று அளவு வரும் இடங்களில் நிதானம் வேண்டும். ஒரு பலம் சுமார் 35 கிராம், ஒரு வீசை சுமார் 1.4 கிலோ.

அப்புறம், எந்த அலமாரியில் தேடுகிறோம் என்பது. ‘வீட்டு நிர்வாகம்’ என்று மொத்தமாகத் தேடினால் எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொடும் புத்தகம்தான் கிடைக்கும். வீடு எங்கே இடறுகிறது என்று முதலில் பாருங்கள். இருபதாம் தேதிக்கே சம்பளம் தீர்ந்துவிடுகிறது என்றால் தேவை பணம் பற்றிய புத்தகம். பொருள்வாரியாக எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் டூயி முறையைப் பின்பற்றும் நூலகங்களில் வீட்டுப் பராமரிப்பு 640 வரிசையில் இருக்கும். சமையல் 641, சுத்தம் செய்வது 648, குழந்தை வளர்ப்பு 649. சொந்தப் பண நிர்வாகமோ தள்ளி 332இல் இருக்கும். ஒரே அலமாரி முன் நின்றால் அது கண்ணில் படாது. எல்லா வேலையும் ஒருவர் தலையில் விழுவதுதான் சிக்கல் என்றால், அந்த ஒருவருக்கு மட்டும் இன்னொரு புத்தகம் வாங்கித் தருவது அநியாயம். வேலையைப் பங்கிடுவது பற்றிய புத்தகத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க வேண்டும்.

‘21 நாளில் பழக்கம்’ என்று அட்டையில் போட்டிருந்தால் தயங்குங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய நூலிலிருந்து பரவிய எண் அது. அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றுதான் அவர் கவனித்திருந்தார். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில் ஒரு பழக்கம் படியச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் தக்கபடி 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு நாள் விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லும் புத்தகம் வேண்டாம்.

சுத்தம் செய்யும் குறிப்புகளை அப்படியே நம்புவது ஆபத்தாகவும் முடியலாம். சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து வைத்தால் நுரை வரும், ஆனால் ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைத் தாக்கும். இப்படிக் கலக்கச் சொல்லும் புத்தகம் எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவு கிடைக்கிறது என்று ஒரே நாளில் நான்கைந்து வாங்கி வருபவர்களும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு அட்டவணை சொல்லும், வீட்டில் எதுவும் நடக்காது. கிளை நூலகத்தில் ஒன்றை மட்டும் எடுத்து வாருங்கள். முழுவதும் படித்து முடிக்க வேண்டியதில்லை. உங்கள் வீடு இடறும் இடத்தைப் பற்றிய ஒரு அத்தியாயத்தை மட்டும் இரண்டு வாரம் செய்து பாருங்கள். காலை அரை மணி நேரமாவது மிச்சமானால் அதைச் சொந்தமாக வாங்கலாம். இல்லையென்றால் தவணைத் தேதிக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.