சீக்ரெட் ஆஃப் மானாவை இன்றைக்கு எப்படி ஆடத் தொடங்குவது?

1993 ஆகஸ்டில் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாம் கன்சோலுக்கு வெளியான கேம் இது. அங்கே அதன் பெயர் செய்கென் டென்செட்சு 2. அதே ஆண்டு அமெரிக்காவிலும் 1994இல் ஐரோப்பாவிலும் சீக்ரெட் ஆஃப் மானா என்ற பெயரில் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்தது. எத்தனையோ ஆக்‌ஷன் ஆர்பிஜிக்கள் (பாத்திரத்தை வளர்த்துக்கொண்டே நேரடியாகச் சண்டை போடும் கேம்கள்) வந்துபோன பிறகும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இதுதான். ஆனால் இன்று புதிதாக இறங்குபவர்களில் நிறையப் பேர் முதல் ஒரு மணி நேரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். காரணம் பழைய கிராஃபிக்ஸ் அல்ல. இப்போதைய கேம்களில் பழகிய கை, பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கும். இந்த கேமோ நிறுத்தி அடிப்பவருக்கு மட்டுமே வசப்படும். அந்தப் பழக்கத்தை முதலில் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

படி 1: எந்தப் பதிப்பை ஆடுவது?

நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், 'கலெக்‌ஷன் ஆஃப் மானா' வாங்குங்கள். 2019இல் உலகெங்கும் வந்த தொகுப்பு அது. மூல கேம் அப்படியே இருக்கிறது, நினைத்த இடத்தில் சேவ் செய்யும் வசதியும் சேர்ந்திருக்கிறது. இதற்கு முந்தைய கேம்பாய் கேமும், அடுத்து வந்த டிரையல்ஸ் ஆஃப் மானாவும் கூடவே கிடைக்கும்.

2018இல் பிளேஸ்டேஷன் 4, வீட்டா, விண்டோஸ் ஆகியவற்றுக்கு 3டி ரீமேக் ஒன்று வந்தது. குரல் நடிப்பு உண்டு, ஆனால் பேசும்போது பாத்திரங்களின் உதடு அசையாது. உணர்ச்சியான காட்சிகளில் இது கண்ணை உறுத்துகிறது. கையில் ஏற்கெனவே அதுதான் இருக்கிறது என்றால் ஆடுங்கள். அமைப்புகளில் போய் இசையை மட்டும் பழைய இசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஹிரோகி கிகுடா இசையமைத்த முதல் கேம் இது. கன்சோலின் சவுண்ட் சிப்புக்கு ஏற்ற ஒலித்துணுக்குகளை அவரே உருவாக்கினார். தலைப்புத் திரையில் திமிங்கலக் குரல்போல ஒன்று எழும்பி, அதன்பின் பியானோ சேரும். அவசரப்பட்டு ஸ்டார்ட்டை அழுத்தாமல் அதை முழுதாகக் கேளுங்கள்.

மொபைல் பதிப்பும் இருக்கிறது. தொடுதிரையில் நகர்ந்துகொண்டே சண்டை போடுவது சிரமம் என்பதால் அதை நான் சொல்ல மாட்டேன்.

படி 2: நூறு வரும்வரை காத்திருங்கள்

கதை இப்படித் தொடங்கும். பொட்டோஸ் கிராமத்துச் சிறுவன் ராண்டி (மூல பதிப்பில் பெயரை நீங்களே வைக்க வேண்டும்) மரப்பாலத்திலிருந்து தவறி அருவிக்குக் கீழே விழுகிறான். அங்கே கல்லில் செருகிக் கிடக்கும் துருப்பிடித்த வாளைப் பிடுங்குகிறான். ஊருக்குத் திரும்பும் வழியில் ராபைட் என்ற மஞ்சள் முயல் குதித்து வரும். உங்கள் முதல் பாடம் அந்த முயல்தான்.

ஒருமுறை வாளை வீசுங்கள். திரையின் அடியில் உங்கள் உயிர்ப்புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சதவீதக் கணக்கு ஓடத் தொடங்கி, சில நொடிகளில் 100ஐத் தொடும். 100இல் அடித்தால் முயல் தூக்கி எறியப்படும். அதற்கு முன்பே அடித்தால் வாள் படும், ஆனால் அடியில் வலு இருக்காது. பொட்டோஸை விட்டுக் கிளம்பும் முன், நாலைந்து முயல்களிடம் இதை மட்டும் பழகுங்கள்: ஒரு வீச்சு, விலகல், கணக்கு ஏறும்வரை சுற்றி வருதல், மறுபடி ஒரு வீச்சு. ஓடினாலும் இந்தச் சதவீதக் கணக்கு காலியாகிவிடும் என்பதால், எதிரியை நோக்கி ஓடிப்போய் அடிப்பதில் பயனில்லை.

இன்னொன்று. அடி விழுந்த உடனேயே எண் தெரியாது. சற்றுத் தாமதித்துத்தான் எதிரியின் தலைக்கு மேல் வரும். படவில்லை என்று நினைத்து உடனே இன்னொன்று வீசத் தோன்றும். வீசாதீர்கள்.

பட்டனை அழுத்திப் பிடித்தால் பெரிய அடி தயாராகும். ஆயுதத் திறன் ஏற ஏற அதன் படிகளும் கூடும். அந்த நேரம் முழுக்க நடை தளர்ந்துவிடும் என்பதால், முதல் இரண்டு படிகளுக்கு மேல் காத்திருப்பது பெரும்பாலும் வீண் என்பது என் எண்ணம்.

படி 3: வளைய மெனு

மெனுவைத் திறந்தால் பாத்திரத்தைச் சுற்றி ஐகான்கள் வளையமாக விரியும், ஆட்டம் அப்படியே நிற்கும். இடவலமாகத் திருப்பினால் ஐகான் மாறும். மேல் கீழ் அழுத்தினால் பொருட்கள், ஆயுதங்கள், மந்திரம் என்று வளையமே மாறும். கொஞ்ச நேரத்தில் விரலுக்குப் பழகிவிடும். உயிர்ப்புள்ளி குறைந்தால் பதறாமல் முதலில் வளையத்தைத் திறந்துவிடுங்கள், பிறகு நிதானமாக யோசிக்கலாம்.

படி 4: பையில் நாலே நாலு

மூல பதிப்பில் எந்தப் பொருளும் நான்குக்கு மேல் வைத்திருக்க முடியாது. மிட்டாய் 100 உயிர்ப்புள்ளி தரும், சாக்லேட் 250. விழுந்த தோழரை எழுப்ப ஒரு கோப்பை, குகையின் வாசலுக்கே திரும்பிவர ஒரு மாயக்கயிறு. எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டுதான் எந்தக் குகைக்குள்ளும் நுழைய வேண்டும். வழியில் தென்படும் நெக்கோ என்ற பூனை வியாபாரி இரட்டை விலை சொல்வார். ஆனாலும் பாஸ் (பெரிய எதிரி) அறைக்குப் பக்கத்தில் சேவ் செய்ய இடம் தருபவர் அவர்தான். வாங்கிவிடுங்கள்.

படி 5: தோழர்களை அடக்கி வையுங்கள்

பிரிம் என்ற பெண்ணும் பொபோய் என்ற குட்டித் தேவதையும் கூட வந்து சேர்வார்கள். கணினி அவர்களை நடத்தும் விதம் இந்த கேமின் பலவீனமான பகுதி, மறைக்க எதுவுமில்லை. பாறைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். நீங்களும் திரையை விட்டு நகர முடியாது. அப்போது சிக்கியவருக்கு மாறி, அவரை நீங்களே வெளியே நடத்தி வாருங்கள்.

மெனுவில் ஒவ்வொரு தோழருக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. தாக்குவதா தற்காப்பதா, நெருங்குவதா விலகுவதா என்பதை அதில் ஒரு புள்ளியை நகர்த்தித் தீர்மானிக்கலாம். சாதாரண எதிரிகளிடம் எப்படி வேண்டுமானாலும் விடுங்கள். பாஸ் சண்டையில் இருவரையும் விலகி நிற்கும் மூலைக்குத் தள்ளிவிடுங்கள்.

படி 6: ஸ்பைக்கி டைகர்

புதியவர்கள் கேமை மூடிவைக்கும் இடம் இது என்பதால் தனியாகச் சொல்கிறேன். எலினீ என்ற சூனியக்காரியின் கோட்டையில் வரும் இந்த முள்புலியைச் சந்திக்கும்போது உங்களிடம் மந்திரம் எதுவும் இருக்காது. அது பந்தாகச் சுருண்டு உருளும், தீயைக் கக்கும், வாளுக்கு எட்டாத மேடையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் மூவருக்கும் அப்போது கிடைக்கும் நல்ல கவசங்களை வாங்கிப் போடுங்கள். பணம் போதாவிட்டால் காட்டில் சுற்றிச் சேர்த்துக்கொள்ளலாம், அனுபவமும் ஏறும். மிட்டாயும் சாக்லேட்டும் நான்கு நான்காக இருக்கட்டும். உள்ளே போனதும் தோழர்களை ஓரமாக நிறுத்துங்கள். புலி மேடையில் இருக்கும்போது கைவசம் இருக்கும் வில்லோ பூமராங்கோ எடுத்து அடியுங்கள். கீழே குதித்து அது நின்ற கணத்தில் 100இல் ஒரே ஒரு வீச்சு, உடனே விலகல். பேராசைப்பட்டு இரண்டாவது அடிக்கு நின்றால் உருண்டு வந்து மோதிவிடும். ராபைட்டிடம் பழகியதுதான் இங்கேயும் உங்களைக் காப்பாற்றும். வென்றால் சாட்டை கிடைக்கும். பள்ளங்களுக்கு அப்பால் நிற்கும் கம்பங்களில் அதைச் சுற்றித் தாண்டலாம்.

படி 7: மந்திரத்தை வளர்த்தல்

மந்திரம் தரும் எட்டுத் தேவதைகளில் ஒன்றான நீர்த் தேவதை அண்டீன் கிடைத்ததும் ஆட்டத்தின் முகமே மாறிவிடும். ராண்டியால் மந்திரம் போட முடியாது. பிரிம் குணமாக்கவும் காக்கவும் செய்வாள், பொபோய் தாக்கும். ஒவ்வொரு தேவதையின் மந்திரமும் பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் வளரும். எந்த உயரம்வரை வளரலாம் என்பது, கதை நகர நகர நீங்கள் முத்திரையிடும் மானா விதைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

எனவே புதிய தேவதை கிடைத்ததும் விடுதி உள்ள ஊருக்குப் பக்கத்தில் பலவீனமான ஒரு எதிரியைக் கண்டுபிடியுங்கள். மந்திரப்புள்ளி தீரும்வரை போடுங்கள், விடுதியில் தூங்குங்கள், மறுபடி வாருங்கள். சலிப்பான வேலைதான். அதனால் எட்டுத் தேவதைகளுக்கும் இதைச் செய்ய வேண்டாம். பிரிமின் நீர்க் குணமாக்கலையும், பொபோயின் தாக்கும் மந்திரங்களில் இரண்டு மூன்றையும் மட்டும் உச்சத்தில் வைத்திருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. மந்திரத்தை இடைவிடாமல் அடுக்கிப் போட்டால் பல பாஸ்கள் அசையவே முடியாமல் செத்துவிடும். சிக்கிக்கொண்ட இடத்தில் அப்படிச் செய்யுங்கள், தவறில்லை. எல்லாச் சண்டையிலும் செய்தால் நல்ல பாஸ்களை ஆடாமலேயே கடந்துவிடுவீர்கள்.

படி 8: ஆயுதங்கள்

மொத்தம் எட்டு வகை. பாஸ்கள் தரும் ஆயுத உருண்டைகளை வாட்ஸ் என்ற குள்ளக் கொல்லரிடம் கொடுத்தால் ஆயுதத்தைக் கூர்தீட்டித் தருவார். ஒவ்வொரு முறையும் செலவு கூடும், என்றாலும் தள்ளிப்போடாதீர்கள். ஆயுதத்தின் படியைத் தாண்டி உங்கள் திறன் ஏறாது. கோடரியால் பாறை உடையும் என்பதால், வழி அடைத்திருந்தால் முதலில் ஆயுதத்தை மாற்றிப் பாருங்கள்.

படி 9: கூட ஒருவரை உட்கார வையுங்கள்

இதை முதல் படியாகவே சொல்லியிருக்கலாம். மூன்று பேர் ஒரே திரையில் ஆடும்படி உருவாக்கப்பட்ட கேம் இது. அந்தக் காலத்தில் அதற்கு மல்டிடேப் என்ற இணைப்பான் தேவைப்பட்டது, ஸ்விட்சில் கன்ட்ரோலர்கள் இருந்தால் போதும். கணினியின் மந்தத்தனம் பற்றி நான் சொன்ன குறையெல்லாம் மனிதர்கள் ஆடும்போது காணாமல் போகும். ஒருவர் வளையத்தைத் திறந்தால் எல்லோருக்கும் ஆட்டம் நிற்கும், அதனால் மந்திரம் போடும் முன் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். புதிதாக ஆடுபவருக்குப் பொபோயைக் கொடுங்கள். தூரத்திலிருந்து தாக்கலாம், பயமும் இருக்காது.

கதை சில இடங்களில் தாவிச் செல்வதாகத் தோன்றும். சூப்பர் நின்டெண்டோவுக்குத் திட்டமிட்டிருந்த சிடி கருவிக்காகத் தொடங்கப்பட்ட கேம் இது. அந்தக் கருவி வராமல் போனதால், கொய்ச்சி இஷீ தலைமையிலான குழு நிறைய வெட்டி ஒரு கார்ட்ரிட்ஜுக்குள் அடக்க வேண்டியதாயிற்று. ஆங்கில மொழிபெயர்ப்புக்கு டெட் வூல்சிக்குக் கிடைத்ததோ 30 நாள். உரையாடல் சுருக்கமாக இருப்பதால், ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் ஒருமுறை பேசிவிட்டு நகருங்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்பது பெரும்பாலும் அவர்களில் ஒருவர் வாயில் இருக்கும். நான்கு பருவங்களின் காட்டில் சுற்றிக்கொண்டே இருந்தால், வசந்தத்தில் தொடங்கிப் பருவங்களின் வரிசையிலேயே நடந்து பாருங்கள்.

தொடக்கத்தில் நெடுந்தூரப் பயணத்துக்கு 50 காசு கொடுத்துப் பீரங்கியில் ஏறிப் பறக்க வேண்டும். கதை நன்றாக முன்னேறியபின் ஃபிளாமி என்ற பறக்கும் டிராகன் உங்களுடையதாகும். மேளத்தைத் தட்டினால் வந்து ஏற்றிக்கொண்டு, முழு உலகத்தின் மேலும் பறக்கும். அது வந்ததும் கதையை நிறுத்திவிட்டு ஒருமுறை பழைய ஊர்களுக்குப் போங்கள். சேர்த்து வைத்த உருண்டைகளை வாட்ஸிடம் தீர்த்துவிடுங்கள், பின்தங்கிய மந்திரங்களை ஏற்றுங்கள், மந்திரப்புள்ளியை மீட்கும் வால்நட்டை நான்கு ஆக்குங்கள். அந்த வால்நட்டைக் கடைசிக் கோட்டைக்குள் போகும்வரை தொடாதீர்கள்.