டர்பனில் வாடகைக் கார் எடுக்க நான் செய்த ஏற்பாடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த் பகுதியில் வாழும் அக்காவின் குடும்பத்தை டிராகன்ஸ்பர்க் மலைக்கு அழைத்துச் செல்ல விரும்பி, டர்பனில் வாடகைக் கார் ஒன்றை முன்பதிவு செய்திருந்தேன். முகப்பில் இருந்த பெண் என் ஓட்டுநர் உரிம அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, கார் தர இயலாது என்றார். பல ஆண்டுகள் பணப்பையில் உரசிய அந்த அட்டையில் என் கையெழுத்து இருந்த இடம் வெளிறிய கோடாக மட்டுமே எஞ்சியிருந்தது.

அருகில் நின்ற அத்தான்தான் விளக்கினார்: "தம்பி, இங்கே வெளிநாட்டு உரிமம் செல்ல வேண்டுமானால் அதில் படமும் கையெழுத்தும் இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி தேவை." அந்த அனுமதியைச் சொந்த நாட்டில்தான் பெற வேண்டும் என்பதால், அந்த முறை அத்தானே தம் பெயரில் எடுத்து ஓட்டினார். மலைப்பாதை முழுவதும் அவரே ஓட்டியது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இந்தியா திரும்பியதும் முதலில் மாற்று உரிம அட்டை வாங்கினேன். அடுத்த பயணத்துக்கு முன், கடவுச்சீட்டின் நகலுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 4ஏ படிவத்தில் விண்ணப்பித்து, 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி, ஓராண்டு செல்லும் அனுமதிப் புத்தகத்தைப் பெற்றேன். அது அசல் உரிமத்துக்கு மாற்றன்று, துணை மட்டுமே. ஆகவே முகப்பில் இரண்டையும் சேர்த்தே நீட்டினேன். இம்முறை சாவி என் கைக்கு வந்தது.