வீட்டுக்காரர் போட்ட இரண்டாவது பூட்டு

செல்லூரில் வாடகை வீடு. இரண்டு மாத பாக்கி. ஊருக்குப் போய்த் திரும்பினால் என் பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டு.

முதலில் காவல் நிலையம். சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) கொடுத்து, "சிவில் விவகாரம்" என்று அனுப்பினார்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வெளியேற்றப்பட்ட தேதிக்கு அதுதான் சாட்சி. அடுத்து வாடகை அதிகாரியிடம் போக நினைத்தேன். 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதியாததால் அங்கே சிக்கல். மூன்று நாள் வீண்.

வழி திறந்தது 1963 குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6-ஆவது பிரிவில். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போடலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது, வீடு என் அனுபவத்தில், அதாவது நான் குடியிருந்து என் கைவசம், இருந்தது என்று காட்டினால் போதும். பாக்கி இருந்தாலும் பூட்டும் உரிமை வீட்டுக்காரருக்கு இல்லை. காலி செய்யச் சொல்ல வேண்டியது நீதிமன்றம்தான்.

அனுபவத்தைக் காட்ட ஜிபேயில் வாடகை கட்டிய பதிவு, சிலிண்டர் ரசீது கொடுத்தேன். வக்கீல் கண்ணில் பட்டதோ மாடிப்படியில் இருந்த என் வீட்டு மின் மீட்டர். மின் அட்டையில் கடைசியாகக் குறித்த யூனிட்டுக்கும் பூட்டைப் பார்த்த அன்று நான் எடுத்த மீட்டர் படத்துக்கும் 94 யூனிட் வித்தியாசம்: ஆள் குடியிருந்ததற்கு நல்ல கணக்கு. இரண்டு பூட்டும் ஒரே படத்தில் தெரிய எடுத்ததும் உதவியது.

பூட்டை மட்டும் உடைக்காதீர்கள். திருட்டுப் புகார் உங்கள் மேலேயே திரும்பும்.

முன்சீப் நீதிமன்றத்தில் மனுவோடு இடைக்கால உத்தரவும் கேட்டோம். நோட்டீஸ் போன மறுநாளே சாவி வந்தது. வக்கீல் கட்டணம் முடியாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.