கைநழுவாத ஏப்ரல்

ஏப்ரலில் கொழும்புக்கு நேர் உச்சியில் சூரியன். போன வருடம் பிள்ளைகளின் விடுமுறை ரியூசன், நீச்சல் வகுப்பு, புதுவருட உடுப்பு என்று ஓடியே கரைந்தது. 14ஆம் திகதி பலகாரம்கூட நின்றபடிதான் சாப்பிட்டேன். "அம்மா, எங்களோட எப்ப இருப்பீங்க?" என்று மகள் கேட்டது நெஞ்சில் தைத்தது.

இந்த முறை ஒரு வகுப்பை நிறுத்திவிட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். சைவரும் பௌத்தரும்கூட மெழுகுதிரியோடு நிற்கும் அந்தக் கூட்டத்தில் அவசரப்படவே முடியாது; அது எனக்குத் தேவைப்பட்டது. மற்ற நாட்களில் பின்னேரம் 5.30க்கு, ரயில் பாதையைக் கடந்து வெள்ளவத்தைக் கடற்கரை. கைபேசி வீட்டில்.

இரவுச் செபத்தில் ஆளுக்கொரு நன்றி சொல்கிறோம். நேற்று சின்னவன் ஐஸ்பழத்துக்கு நன்றி சொன்னான். எல்லாரும் ஆமென் சொன்னோம்.