'பை'யா, 'அன்டி'லா?

அலுவலக மெயில்களில் 'பை' (by), 'அன்டில்' (until) என்ற இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் மாறிப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். 'வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்' என்று சொல்ல நினைத்து, 'ஐ வில் சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதிவிடுகிறார்கள். வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்பது போல அதன் பொருள் மாறிவிடுகிறது.

தமிழே இதற்கு நல்ல வழிகாட்டி. மனதில் 'க்குள்' வந்தால் 'பை'. 'வரை' வந்தால் 'அன்டில்'. ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன் என்றால் 'பை ஃபைவ்'. ஐந்து மணி வரை இங்கேதான் இருப்பேன் என்றால் 'அன்டில் ஃபைவ்'. 'டில்' என்று சுருக்கிச் சொன்னாலும் பொருள் அதேதான்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். 'ஒரு மணி நேரத்துக்குள்' என்று கால அளவைச் சொல்லும்போது 'பை' சரிவராது. அங்கே 'விதின் ஆன் அவர்'.

அப்புறம், 'மதுரை வரை' என்று இடத்தைச் சொல்லும்போது 'அன்டில்' வேண்டாம், 'அஸ் ஃபார் அஸ் மதுரை' என்று சொல்லுங்கள்.